கைக்குள் ஓர் இலக்கம்

2004 டிசம்பர் 26. கல்முனைக் கரையில் சுனாமி இடிபாடுகளுக்கிடையே ஒரு கைக்குழந்தை உயிரோடு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அன்று சேர்க்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ என்றே உலகம் அதை அறிந்தது. யார் பிள்ளை என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை முடிவு வந்த பிறகுதான் பிள்ளை தாய் கைக்குப் போனது. மருதமுனை, சாய்ந்தமருது என்று கரை நெடுக எத்தனையோ உடல்களை யாரென்று தெரியாமலே அடக்கினோம்.

அதே நாட்களில் தாய்லாந்தில், இறந்தவர்களின் உடலுக்குள் ஒரு சின்ன ‘சிப்’பைச் செலுத்தினார்கள். கட்டிய அட்டை கழன்றாலும், எழுதிய மை அழிந்தாலும் உடலின் இலக்கம் மாறிப்போகாமல் இருக்கத்தான்.

அந்த வகைச் சிப்பைத்தான் இப்போது சிலர் விரும்பிக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையில், தோலுக்குச் சற்றுக் கீழே வைக்கப்படும் இது நீண்ட அரிசிமணி போலிருக்கும்: 12 மில்லிமீற்றர் நீளம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு செப்புக்கம்பிச் சுருளும் நுண்சில்லும் இருக்கும். பற்றரி கிடையாது. வாசிப்புக் கருவியை நெருங்கும்போது அதன் காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும். சில்லு விழித்துத் தன் இலக்கத்தைச் சொல்லும். கையை எடுத்ததும் அடங்கிவிடும். தொட்டுப் பணம் கட்டும் வங்கிக் காட் இயங்குவதும் இப்படித்தான்.

சில சென்ரிமீற்றருக்கு அப்பால் இது பேசாது. ஆகவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று செய்மதியிலிருந்து பார்க்க முடியாது. கொரோனாத் தடுப்பூசியில் சிப் வருகிறது என்று போனுக்குப் போன் பரவிய கதையையும் அளவை வைத்தே தீர்த்துவிடலாம்: தடுப்பூசி ஊசியின் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். 2 மில்லிமீற்றர்ச் சிப் அதற்குள் நுழையாது.

1998 ஒகஸ்டில் இங்கிலாந்தின் றெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக் தன் கையில் சிப் வைத்துக்கொண்டு நடந்தபோது கதவுகள் தாமே திறந்தன. பின்னர் சுவீடனில் சில ஆயிரம் பேர் வைத்துக்கொண்டார்கள். அங்கே ரயில் ரிக்கற்றுக்கும் இது உதவியது.

நம் ஊரில் முதலில் எழும் கேள்வி தொழுகைக்கு முன் செய்யும் வுழூவைப் பற்றியதாகத்தான் இருக்கும். சிப் தோலுக்கு அடியில் இருப்பதால் தோலில் நீர் படுவதை அது தடுக்காது. கூடுமா கூடாதா என்ற தீர்ப்பை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சிப்புக்கு உங்களைத் தெரியாது. இலக்கம் மட்டுமே தெரியும். அந்த இலக்கம் யாருடையது என்பது வேறெங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் 2004இல் மருத்துவத் தேவைக்கு அனுமதிக்கப்பட்ட சிப்பிலும் 16 இலக்கங்கள்தான். நோய் விவரமெல்லாம் அதை விற்ற நிறுவனத்தின் கணினியில். சாதாரண வகைச் சிப்பின் இலக்கத்தை இன்னொருவர் நகலெடுக்கவும் முடியும். காட் தொலைந்தால் வேறு காட் வாங்கலாம், இதை மாற்ற வைத்தியர் தோலைக் கீற வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 2017 ஒகஸ்ட் 1 அன்று ஒரு நிறுவனத்தின் ஊழியர் பலர் சிப் வைத்துக்கொண்டார்கள். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்த மாநிலம் 2006இலேயே சட்டம் போட்டிருந்தது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைப் பற்றியது. வெளிநாட்டு வேலைக்காக வாசிக்காத ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்கிற நம் பிள்ளைகளுக்கு, அவர்கள் உடம்பைப் பற்றியும் அப்படியொரு சட்டம் வேண்டும். முதலாளிமார் வாசிப்புக் கருவி வாங்கிவைக்க முன்னரே அது வரவேண்டும்.