ஏழு பேர் போதும்

செப்டம்பர் 11 முதல் 17 வரை உள்ள வாரத்தைப் பாருங்கள். 11 பாரதி நினைவு நாள். 12, சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தில் 1945இல் ஜப்பானியப் படை மவுண்ட்பேட்டனிடம் முறைப்படி சரணடைந்த நாள். 15 அண்ணா பிறந்தநாள், 17 பெரியார் பிறந்தநாள். இவற்றுக்கு நடுவே 16ஆம் தேதிதான் வேடிக்கை. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்ததும் (1916) லீ குவான் இயூ பிறந்ததும் (1923) அன்றுதான். 1963 ஆகஸ்ட் 31க்குக் குறித்திருந்த மலேசிய இணைப்பு, சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐநா குழு அறிந்து வரும்வரை தள்ளிப்போனது. கடைசியில் அது வந்து விழுந்த தேதி, லீயின் 40வது பிறந்தநாள்!

விதியா? கணக்குதான். 23 பேர் கூடிய இடத்தில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். நம்பச் சிரமமாக இருக்கும். காரணம், நாம் ஒவ்வொருவரும் ‘என் தேதியில் யார்?’ என்றே தேடுகிறோம். அதற்குப் பாதி வாய்ப்பு கிடைக்க, நம்மைத் தவிர 253 பேர் வேண்டும். ஆனால் கேள்வி ‘யாரோடு யார்?’ என்பது. 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் எத்தனை சோடி? அதே 253.

ஒரே நாள் வேண்டாம், ஒரே வாரம் போதுமென்றால்? தோ பாயோவில் ஏதோ ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் ஏழு தாத்தாக்கள் கூடுகிறார்கள் என்று வையுங்கள். அவர்களுக்குள் 21 சோடி. எவரேனும் இருவரின் பிறந்தநாள் ஏழு நாளுக்குள் அடங்கும் வாய்ப்பு 55 விழுக்காடு. ஊர் முழுவதையும் எடுத்தால் ஆச்சரியத்துக்கே இடமில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் தோ பாயோவில், எந்தத் தேதியைத் தொட்டாலும் சராசரியாக 270 பேருக்காவது பிறந்தநாள்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அந்த செப்டம்பர் வாரத்தை நான்தான் பொறுக்கியெடுத்தேன். எதுவும் பொருந்தாத வாரத்தை யார் எழுதப்போகிறார்கள்?

நம்மவர்களுக்கு நட்சத்திரப்படி இரண்டாவது பிறந்தநாள் ஒன்று இருக்கிறதே, அதையும் கணக்கில் சேர்க்கலாம். நிலா 27 நாள் 7 மணி 43 நிமிடத்தில் வானை ஒருமுறை சுற்றுகிறது. நட்சத்திரங்களும் 27. லோரோங் 8இல் உள்ள ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயத்துக்கு அடுத்த முறை போகும்போது, அர்ச்சனைக்கு நிற்பவர்களில் ஏழு பேரின் நட்சத்திரத்தைக் காதில் வாங்கிப் பாருங்கள். இருவருடையது ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 57 விழுக்காடு.