சுவர் யாருடையது?



சுவரோவியம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத்திலிருந்து தொடங்குகிறார்கள். நாம் சுவரிலிருந்தே தொடங்குவோம். நம் மக்களுக்குச் சுவர் முதலில் அறிமுகமானது வழிமறிக்கும் ஒன்றாகத்தான்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவர், தலித் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் அருந்ததியர் வீடுகள் மீது சரிந்து 17 பேர் மாண்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்தச் சுவர்களுக்கு எழுத்து தேவைப்படவில்லை.

சேரியின் நுழைவாயிலிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நம் இளைஞர்கள் நீலக் கோட்டோடு அம்பேத்கரை வரைவது, அந்தச் சுவர்களுக்கு அவர்கள் சொல்லும் பதில். அது சிலரைச் சுடுகிறது. அதனால்தான் தமிழகத்தில் எத்தனையோ அம்பேத்கர் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. வேதாரண்யத்தில் 2019 ஆகஸ்டில் அவர் சிலை உடைக்கப்பட்டதையும் பார்த்தோம்.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம், சுவரில் விளம்பரம் எழுத உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலமும் சுவரும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்தால், எழுதும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சென்னை நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைவாழ் மக்கள் குடியமர்த்தப்பட்ட இடம் கண்ணகி நகர். 2020இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தன. அவை அங்குள்ள பிள்ளைகளுக்குத் தரும் மகிழ்ச்சியை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால், இவர்கள் ஏன் இங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்ற கேள்வி அந்த வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடக் கூடாது.

மாணவத் தோழர்கள் தூரிகை எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சுவர் யாருடையது? என்ன வரைவதென்று முடிவு செய்தது யார்? வழக்கு வந்தால் யார் வீட்டுக் கதவு தட்டப்படும்? நாம் வரைந்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவோம். மறுநாள் காலை டீக்கடையில் பதில் சொல்ல நிற்பவர் அந்தத் தெருக்காரர். முதலில் அவரோடு உட்கார்ந்து பேசுவோம். சுண்ணாம்பு அடிப்பது அதற்குப் பிறகுதான்.