அடுத்தடுத்த அறைகளில் வெப்பக் கட்டுப்பாடு: காற்றழுத்தச் சீராக்கியும் வால்வும் இணையும் முறை

ஆய்வுச் சுருக்கம்

குளிர்நாடுகளின் பழைய கட்டடங்களில் அறை வெப்பத்தைக் காற்றழுத்தத்தால் கட்டுப்படுத்தும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு சுவரைப் பகிரும் இரண்டு அறைகளில் ஒன்று வெந்தும் மற்றொன்று குளிர்ந்தும் கிடக்கும்போது, பழுது கருவியில் இருப்பதாகக் கருதுவதே இயல்பு. எந்தச் சீராக்கி எந்த வால்வை ஆள்கிறது என்னும் இணைப்பே பல வேளைகளில் அதற்குக் காரணமாவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெப்பநிலைச் சீராக்கி, காற்றழுத்தம், வால்வு, பின்னூட்டம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்னும் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். அக்காலத்தில் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் நுழைந்து வெப்பமானியைப் பார்த்து, பிறகு நிலவறைக்கு இறங்கி வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தது. பாடமும் இடையிடையே தடைப்பட்டது. அறையின் நிலையை மின்சாரத்தால் நிலவறைக்கு அறிவிக்கும் கருவிக்கு ஜான்சன் 1883இல் காப்புரிமை பெற்றார். 1885இல் மில்வாக்கி நகரில் அவரது நிறுவனம் தொடங்கப்பட்டது. பல அறைகளைத் தனித்தனியே காற்றழுத்தத்தால் ஆளும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1895. வகுப்பறைகள் வரிசையாக அமைந்த கட்டடத்தின் தேவையிலிருந்து பிறந்த முறை இது என்பதால், அடுத்தடுத்த அறைகளின் சிக்கல் இதற்குப் புறம்பானதன்று.

கருவியின் இயக்கம்

தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைச் சீராக்கி சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். நிலவறையிலுள்ள கம்ப்ரசரிலிருந்து சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 20 பவுண்டு அழுத்தமுள்ள காற்று மெல்லிய குழாய் வழியாக அதை வந்தடைகிறது. உள்ளே இருவேறு உலோகங்கள் ஒட்டிய பட்டை ஒன்று உண்டு. அறை சூடேறினால் பட்டை வளைந்து ஒரு சிறு துளையை மூடும். காற்று வெளியேற வழி குறைவதால் வால்வுக்குச் செல்லும் கிளைக்குழாயில் அழுத்தம் உயரும். அறை குளிர்ந்தால் துளை திறந்து அழுத்தம் தாழும்.

ரேடியேட்டரின் வால்வில் ரப்பர் சவ்வு ஒன்றும் சுருள்வில் ஒன்றும் எதிரெதிரே தள்ளுகின்றன. அழுத்தம் இல்லாதபோது சுருள்வில் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். வெப்பமூட்டும் வால்வுகளில் பொதுவாக 3 பவுண்டில் மூடத் தொடங்கி 8 பவுண்டில் முழுதும் மூடும் சுருள்வில் அமைந்திருக்கும். கம்ப்ரசர் நின்றுபோனால் எல்லா வால்வுகளும் திறந்துகொள்ளும். அறைகள் புழுங்கும், ஆயினும் கடுங்குளிரில் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கமாட்டா. இரு தீமைகளுள் சிறியதைத் தேர்ந்த வடிவமைப்பு அது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஃபாரன்ஹீட் 1 பாகை மாறினால் கிளைக்குழாயின் அழுத்தம் 2.5 பவுண்டு மாறுமாறு சீராக்கி அமைக்கப்பட்டுள்ளது எனவும், 70 பாகையில் அழுத்தம் 5.5 பவுண்டு எனவும் கொள்வோம். 69 பாகையில் அழுத்தம் 3 பவுண்டாகி வால்வு முழுதும் திறக்கும். 71 பாகையில் 8 பவுண்டாகி முழுதும் மூடும். இடைப்பட்ட வெப்பநிலைகளில் வால்வு பாதியளவிலோ காலளவிலோ நிற்கும். மின்விளக்கின் விசையைப் போலத் திறப்பது, மூடுவது என்னும் இரண்டு நிலைகளோடு இது நின்றுவிடுவதில்லை. இதுவே இம்முறையின் சிறப்பு.

இடம்மாறிய குழாய்கள்

அடுத்தடுத்த இரண்டு அறைகளின் கிளைக்குழாய்கள் பெரும்பாலும் ஒரே சுவருக்குள் இணையாகச் செல்பவை. பழுதுபார்ப்பின்போது அவை இடம்மாறிவிட்டால், முதல் அறையின் சீராக்கி இரண்டாம் அறையின் வால்வையும், இரண்டாவதன் சீராக்கி முதலாவதன் வால்வையும் ஆளத் தொடங்கும். இரு அறைகளும் ஒன்றுபோல் குளிர்ந்திருக்கும் காலையில் எந்தக் குறையும் தெரியாது. இரண்டு வால்வுகளும் திறந்து இரண்டு அறைகளும் சேர்ந்தே சூடாகும். நண்பகலில் இரண்டாம் அறைச் சன்னலில் வெயில் விழுகிறது. அந்த அறையின் சீராக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது; மூடுவது முதல் அறையின் வால்வு. முதல் அறை குளிர்கிறது. அதன் சீராக்கி அழுத்தத்தைத் தாழ்த்துகிறது. திறப்பது ஏற்கெனவே சூடான இரண்டாம் அறையின் வால்வு. சுவர் வழியே கசியும் சிறு வெப்பம் இதை ஈடுசெய்யப் போதாது. முடிவில் ஓர் அறையின் வால்வு முழுதும் திறந்தும் மற்றதன் வால்வு முழுதும் மூடியும் நின்றுவிடும்.

அறையில் இருப்போர் தலையிடுந்தோறும் நிலை மோசமாகும். குளிரில் இருப்பவர் சீராக்கியை உயர்த்தி வைக்கிறார். பக்கத்து அறை மேலும் வேகிறது. அங்கிருப்பவர் தம் சீராக்கியைத் தாழ்த்துகிறார். இவருக்கு வந்த சிறிது வெப்பமும் நிற்கிறது. இரண்டு சீராக்கிகளும் இரண்டு வால்வுகளும் பழுதற்றவை. ஆகவே அவற்றை மாற்றிப் புதியன பொருத்தினாலும் பயன் விளையாது.

இங்கே கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு தகும். விலகலை வளர்க்கும் இத்தகைய சுழற்சியை ‘நேர்ப் பின்னூட்டம்’ என்று மொழிபெயர்க்கும் வழக்கம் உள்ளது. தமிழில் ‘நேர்’ என்பது ஒழுங்கையும் நன்மையையும் உணர்த்துவதால் மாணவர் அதை விரும்பத்தக்கதாகவே புரிந்துகொள்ள இடமுண்டு. ‘பெருக்கும் பின்னூட்டம்’, ‘தணிக்கும் பின்னூட்டம்’ என்னும் இணை பொருளை நேரடியாகவே சொல்லிவிடும்.

ஒரு சீராக்கி, இரண்டு வால்வுகள்

செலவு கருதி ஒரே சீராக்கியால் இரு அறைகளை ஆள்வதும் உண்டு. சீராக்கி இல்லாத அறை மூலையில் அமைந்து இரண்டு வெளிச்சுவர்களைக் கொண்டதாயின் அது எப்போதும் குளிர்ந்தே இருக்கும். இதில் கவனிக்கப்படாத மற்றொரு சிக்கல் சுருள்வில். ஒரு வால்வை மாற்றும்போது 8 முதல் 13 பவுண்டு வரை இயங்கும் சுருள்வில் கொண்டதைப் பொருத்திவிட்டால், மேற்கண்ட கணக்கின்படி அது 71 பாகையில்தான் மூடத் தொடங்கும். முழுதும் மூட 73 பாகை வேண்டும். சீராக்கியுள்ள அறையின் பழைய வால்வோ 71 பாகையிலேயே மூடியிருக்கும். ஒரே ஆணைக்கு இரண்டு வால்வுகள் இருவேறு விதமாகக் கீழ்ப்படிகின்றன.

இரு அறைகளிலும் சீராக்கி வைத்து, இரண்டு அழுத்தங்களுள் தாழ்ந்ததை மட்டும் கடத்தும் தேர்வுக் கருவியை இடையில் இணைப்பது ஒரு தீர்வு. தாழ்ந்த அழுத்தம் குளிர்ந்த அறையினுடையது. எனவே எந்த அறையும் குளிரில் வாடாது. மற்ற அறை சற்றுப் புழுங்குவதைத் தவிர்க்க முடியாது. இரண்டின் சராசரியைக் கடத்தும் கருவி குறையை இருவருக்கும் பங்கிட்டுவிடும். வகுப்பறைகளுக்கு முந்தையதே ஏற்றது எனலாம்.

குறையைக் கண்டறிதல்

ஓர் அறை மட்டும் புழுங்கி, அடுத்த அறை முறையாக இருந்தால், கிளைக்குழாயில் கசிவு இருக்கலாம். அல்லது கம்ப்ரசரிலிருந்து வந்த எண்ணெயும் ஈரமும் காற்றைச் சிறிது சிறிதாக விடும் நுண்துளையை அடைத்திருக்கலாம். இரண்டிலும் அழுத்தம் வீழ்ந்து வால்வு திறந்தே நிற்கும். ஓர் அறை புழுங்க மற்றது குளிர்ந்தால் முதலில் ஐயுற வேண்டியது குழாய் மாற்றத்தையே. சோதிக்க அறை வெப்பம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சீராக்கியை மிகத் தாழ்ந்த அளவுக்குத் திருப்பினால் அழுத்தம் உடனே உயரும். எந்த அறையின் வால்வுத் தண்டு அசைகிறது என்று பார்த்தால் போதும். இரு அறைகளுக்கிடையே கதவு திறந்திருப்பதும், ஒன்று 72 பாகைக்கும் மற்றது 68 பாகைக்கும் வைக்கப்பட்டிருப்பதும் வேறு வகை. அங்கே வெப்பமான அறையின் ரேடியேட்டரே இரண்டையும் சுமக்கும்; மற்றது குளிர்ந்து கிடப்பது பழுதன்று.

பழைய காற்றழுத்தச் சீராக்கிகளை அகற்றி மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் பணியில் இச்சோதனை இன்னும் இன்றியமையாதது. கட்டட வரைபடத்தை மட்டும் நம்பி, சுவருக்குள் இருக்கும் அதே குழாய்களில் புதிய கருவிகளை இணைத்தால், இடம்மாறிய இணைப்பு அப்படியே தொடரும். பழைய சீராக்கி சுவரில் இருக்கும்போதே அதைத் திருப்பிப் பார்த்து, அசையும் வால்வின் அறை எண்ணைக் குறித்துக்கொள்வதற்குச் சில நிமிடங்களே ஆகும்.