ஆட்டுக்குட்டிக்கு ஒரு வயிறு, நம் பிள்ளைக்கு ஒரு வயிறு!

"டாக்டர் ஐயா, பையனுக்குப் பதிமூணு வயசாகுது, வளரவே மாட்டேங்கிறான். அமினோ ஆசிட் பவுடர் குடுக்கலாமா?" திருநின்றவூரில் என்னிடம் வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெண் இன்னும் வயசுக்கு வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களும் இதே டப்பாவைத்தான் தேடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. கால்நடை மருந்துக் கடையில் ஆட்டுக்குட்டிக்கும் இதே சரக்கு கிடைக்கிறது!

புரதத்தை ஒரு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலங்கள் அதன் பூக்கள். மொத்தம் 20 வகை. அதில் 9 வகையை நம் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். ஒரு வகைப் பூ குறைந்தாலும் மாலை பாதியில் நின்றுவிடும்.

அப்படியானால் ஏரிக்கரையில் மேயும் செம்மறி, வெறும் புல்லைத் தின்று எப்படிச் சதை போடுகிறது? நம் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்து 'மெட்ராஸ் ரெட்' ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லிலிருந்து அமினோ அமிலங்களைத் தயாரிக்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே ஜீரணமாகி ஆட்டுக்கு உணவாகின்றன. தீவனத்தில் சும்மா பவுடரைத் தூவினால் அதில் பெரும்பகுதியை அவை சிதைத்துவிடும். அதனால்தான் மெத்தியோனினுக்கு மேல்பூச்சுப் போட்டு, அந்த அறையைத் தாண்டிப் போகும்படி செய்கிறார்கள். பால்குடிக் குட்டிக்கு மட்டும் பால் நேராக நான்காவது அறைக்குப் போகிறது. அதற்குத் தாய்ப்பாலே போதும்.

இன்னொன்று. குட்டி பருவத்துக்கு வருவது மாதக்கணக்கை விட எடையைப் பொறுத்தது. அரைவயிற்றுக் குட்டி தாமதமாகத்தான் வரும். ஏதோ ஒரு அமினோ அமிலத்தைக் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது.

நமக்கு அந்த வயிற்றுத் தொழிற்சாலை கிடையாது. ஆனால் அடுப்பங்கரை இருக்கிறதே! அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியிலும் எள்ளிலும் அது உண்டு. இட்லியும் பொங்கலும் இந்தக் கணக்குதான்.

வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுத்தங்களி கிண்டுகிறோம். நல்ல வழக்கம். ஆனால் அதற்கு ஏன் அதுவரை காத்திருக்க வேண்டும்? வளர்ச்சி வேகமெடுப்பது அதற்கு முன்பே. ஒன்பது, பத்து வயதிலேயே ஆரம்பியுங்கள், பையன்களுக்கும் கொடுங்கள். 30 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 7 கிராம் புரதம். களியில் ஊற்றும் நல்லெண்ணெயில் புரதம் இல்லை, அது எள்ளில்தான். ஆகவே எள்ளுருண்டையும் இருக்கட்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்குப்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 43 கிராம், பையனுக்கு 45 கிராம் புரதம் வேண்டும். பருப்பு, பால், தயிர், சுண்டல், முட்டை சாப்பிடுகிற வீட்டில் இது எட்டாத அளவல்ல. அதே கழகம் 2024-ல் புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

பெண்ணுக்கு 13 வயதிலும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, 15 ஆகியும் மாதவிலக்கு இல்லை, பையனுக்கு 14 ஆகியும் பருவ மாற்றமே இல்லை என்றால் களியும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். நேரே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எட்டு வயதுக்கு முன்பே பெண்ணிடம் மாற்றம் தெரிந்தாலும் அப்படித்தான்.