உங்களுக்குத் தெரியுமா? வீசிங், பம்ப், சில உண்மைகள்

வீசிங்குக்குத் தரும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் பொதுவாக 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். நீல நிற இன்ஹேலரில் அதே மருந்து, ஒரு பஃபுக்கு 100 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் ஒரு மாத்திரைக்குள் 40 பஃப் அடங்கும்! மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். "பம்ப் ரொம்ப ஸ்ட்ராங், பழகிடும், சிரப்பே போதும்" என்று பிள்ளைக்கு இன்ஹேலரை மறுக்கும் பெற்றோர், குறைந்த மருந்தைத் தள்ளிவிட்டுக் கூடுதல் மருந்தைக் கொடுக்கிறார்கள். ஆஸ்துமாவுக்குத் தரும் எந்த இன்ஹேலரும் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை.

★ கையடக்க இன்ஹேலருக்குப் பின்னால் ஒரு சிறுமி இருக்கிறாள். அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத்தை நடத்திய ஜார்ஜ் மேசனின் மகளுக்கு ஆஸ்துமா. கண்ணாடிக் குமிழும் ரப்பர் பந்துமாக இருந்த கருவியோடு அவள் அவஸ்தைப்பட்டாள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி இந்த மருந்தும் ஏன் வரக்கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். 1956இல் அது கடைக்கு வந்துவிட்டது.

★ இழுப்பு இல்லாத நாளிலும் ஆஸ்துமா இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியே கிடக்கும். தூசியோ சளியோ குளிர்காற்றோ பட்டதும் சுற்றியுள்ள தசை இறுகும், கோழை அடைக்கும். நீல இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது தினசரி எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். அதைத்தான் நம் வீடுகளில் முதலில் நிறுத்துகிறார்கள். பத்து நாள் இருமல் இல்லையென்றால் "சரியாயிடுச்சே" என்று டப்பா அலமாரிக்குப் போய்விடுகிறது. மருந்து வேலை செய்ததால் வந்த நிம்மதியை, நோய் போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறோம். மூச்சு இளைக்கும்போதெல்லாம் நீல இன்ஹேலரை மட்டும் அடித்துக்கொண்டு காலம் தள்ளுவது ஆபத்து. அதனால்தான் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதை மட்டுமே மருந்தாகத் தர வேண்டாம் என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் சொல்லிவிட்டது. குறைப்பதோ நிறுத்துவதோ, டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான்.

★ ஸ்டீராய்டு என்றதும் "பிள்ளை வளராதே" என்ற கவலை வரும். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. சிறுவயதில் சில ஆண்டுகள் தினமும் எடுத்தவர்களைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். உயரத்தில் தெரிந்த வித்தியாசம் சுமார் 1 சென்டிமீட்டர். கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும், பள்ளியையும் விளையாட்டையும் பறிக்கும், சில சமயம் உயிரையே பறிக்கும்.

★ பஃப் எடுத்ததும் வாயிலிருந்து வெள்ளைப் புகை வெளியே வந்தால் மருந்து வீண்! நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதடுகளால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை வரலாம்.

★ குழந்தைகளுக்கு இவ்வளவும் ஒரே நேரத்தில் வராது. அதற்குத்தான் இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குடுவையான ஸ்பேசர். வாங்க வசதியில்லாத குடும்பங்களை நினைத்து, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஜார் என்ற குழந்தை மருத்துவரின் குழு, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, பசை வைத்து அடைத்து ஸ்பேசராக்கியது. கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக அது வேலை செய்ததாக 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். எந்த ஸ்பேசரானாலும் சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

★ மருந்து தீர்ந்த பிறகும் இன்ஹேலர் "புஸ்" என்று அடிக்கும்; வருவது வெறும் வாயு. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது சரியான சோதனை அல்ல. எண் காட்டும் மாடல் வாங்குங்கள், இல்லையென்றால் தொடங்கிய தேதியை டப்பாவில் எழுதுங்கள்.

★ விசில் சத்தமே இல்லாமல், விடியற்காலையில் வரும் வறட்டு இருமல் மட்டும்கூட ஆஸ்துமாவாக இருக்கலாம். நெஞ்சு எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொல்லி, மருந்து கொடுத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதத்துக்கும் 200 மில்லிக்கும் மேல் கூடினால், பெரியவர்களில் அது வலுவான அடையாளம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் இப்படி ஊத மாட்டார்கள். அவர்களுக்கு எப்போது, எதனால், எத்தனை தடவை இளைத்தது என்று தாய் சொல்லும் விவரம்தான் பெரிய பரிசோதனை. இளைக்கும்போது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் டாக்டருக்கு இன்னும் நல்லது.

★ 1980களில் ஸ்பெயினின் பார்சிலோனாவில், திடீர் திடீரென ஒரே நாளில் ஆஸ்துமாக்காரர்கள் கூட்டமாக அவசரப் பிரிவுக்கு ஓடிவந்தார்கள். 1981 முதல் 1987 வரை 26 முறை! அந்த நாள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது விடை துறைமுகத்தில் இருந்தது. சோயா மொச்சை இறக்கிய நாள்களில் கிடங்கிலிருந்து கிளம்பிய தூசிதான் காரணம். கிடங்குக்கு வடிகட்டி போட்டதும் அந்த அலை ஓய்ந்தது.

★ ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிய வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு அளந்தது. வீசிங் பிள்ளை தூங்கும் அறையில் கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் அந்தப் பிள்ளைக்காக விட்டுவிடலாம்.

★ சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இழுப்பைக் கிளப்பும். கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படித்தான். கண் டாக்டரிடமும் "எனக்கு ஆஸ்துமா" என்று சொல்லுங்கள்.

★ 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், உடற்பயிற்சியால் ஆஸ்துமா வரும் 67 பேர் அமெரிக்க அணியில் இருந்தார்கள். வென்றவை 41 பதக்கங்கள்.

★ ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, விலா எலும்புக்கு இடையே சதை உள்வாங்குதல், உதடு நீலமாதல் எல்லாம் ஆபத்து அறிகுறிகள். திணறல் தொடரும்போது விசில் சத்தம் மட்டும் நின்றுபோனால் அது குணமல்ல. காற்றே போகவில்லை என்று பொருள். 108ஐ அழையுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஸ்பேசர் வழியாக நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃபாக, 4 முதல் 10 வரை கொடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2 முதல் 6 வரை. உதவி வரும்வரை முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யலாம். எத்தனை மணிக்கு எத்தனை பஃப் என்று குறித்துவைத்து, மருத்துவமனையில் முதலில் அதைச் சொல்லுங்கள்.