ஏரிக்கு எத்தனை மீன்?

எங்கள் கிளையில் மீன் வளர்ப்புக் கடன் பெற்ற வாடிக்கையாளர் ஒருவரின் குளத்தைப் பார்வையிடச் சென்றோம். ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் அவர் 20,000 குஞ்சுகளை விட்டிருந்தார். இரு மடங்கு விட்டால் இரு மடங்கு எடுக்கலாம் என்பது அவரது கணக்கு. ஓராண்டு கழித்து வலையில் வந்தவையோ உள்ளங்கை நீள மீன்கள். வியாபாரி விலை சொல்லவே தயங்கினார். தவணை நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மூலதனம் கூடாமல் பங்குதாரர்கள் மட்டும் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். நீர்நிலையின் மூலதனம் அதிலுள்ள இயற்கை உணவும் உயிர்வளியுமே. அது பலருக்குப் பங்கானால் மீன்கள் வளராமல் நின்றுவிடுகின்றன.

சாதாரணக் குளங்களுக்கு ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 விரலிகள் போதும். பெரிய மீன் வேண்டுவோர் குறைந்த எண்ணிக்கையையே கொள்ள வேண்டும். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு இடைமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால், இவற்றை 40:30:30 என்ற விகிதத்தில் விடுவது வழக்கம்.

இம்மூன்றும் தேங்கிய நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957-இல் ஹீராலால் சௌத்ரி தூண்டுமுறை இனப்பெருக்கத்தில் வெற்றி கண்ட பின்னரே குஞ்சுகள் பொரிப்பகங்களில் கிடைக்கலாயின. எனவே இவற்றின் எண்ணிக்கை நம் கையிலேயே உள்ளது. ஜிலேபிக் கெண்டையோ கேட்பாரின்றிப் பெருகி, குளத்தையே சிறு மீன்களால் நிரப்பிவிடும். குஞ்சு விடுமுன் நீரை வற்றச் செய்து அதனை அகற்ற வேண்டும். வற்றாத ஏரிகளில் அடிக்கடி வலையிட்டுக் குறைக்கலாம். விரால், வாளை உள்ள ஏரிகளில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத விரலிகளை விடுவதே பாதுகாப்பு. வளர்ந்த மீன்களை அவ்வப்போது பிடித்துவிட்டால் எஞ்சியவை விரைந்து வளரும்.

வளர்ச்சி நின்ற மீன்கள் வீணானவை அல்ல. ஆந்திரத்தில் குஞ்சுகளை வேண்டுமென்றே நெருக்கமாக ஓராண்டு வைத்திருந்து, பின்னர் விசாலமான குளங்களுக்கு மாற்றுகின்றனர். இடமும் இரையும் கிடைத்ததும் அவை வேகமாகப் பருக்கின்றன. இதைக் கேட்ட நம் வாடிக்கையாளர் பெரும்பகுதி மீன்களைப் பிற குளத்தாருக்கு இருப்பு மீன்களாக விற்றார். எஞ்சியவை தேறின, தவணையும் தீர்ந்தது.

2018-19 முதல் கிசான் கடன் அட்டை மீன் வளர்ப்போருக்கும் வழங்கப்படுகிறது. விரலி, தீவனம், அறுவடைச் செலவுகளுக்கு அதனைப் பயன்படுத்தலாம். விண்ணப்பிக்க வரும்போது நீர்ப்பரப்பின் அளவையும் விடவிருக்கும் விரலிகளின் எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். கடன் தொகையை அதன்பின் சேர்ந்தே கணக்கிடுவோம்.