வீட்டுக் கணினிக்கு இன்னொரு பிரதி

வரக்காப்பொலயில் நான் சந்திக்கும் பெண்கள் சிலர் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருக்கிறார்கள். இடி மின்னலில் அந்தக் கணினி பழுதானால்?

றவுட்டருடன் வலையமைப்பு வன்தட்டு ஒன்றை இணைத்துவிட்டால், கணினி வைஃபை வழியே தானாகப் பிரதி அனுப்பிக்கொண்டிருக்கும். முதற் பிரதிக்குப் பல மணி நேரம் செல்லும். அதற்கு மட்டும் கேபிள் போட்டுக்கொள்வதே நல்லது. பிறகு மாறியவை மட்டுமே போகும்.

ஆனால் அந்த வன்தட்டும் அதே கூரையின் கீழ்தானே! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அழிந்தன. 2016 மே மாதம் எமது கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மண்சரிவு வீடுகளையே மூடியது. ஆகவே சகோதரிகளே, இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு, வேறூரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மூல உறுதி தொலைந்தாலும், அதன் பதிவு இலக்கம் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம்.